‘டெலிட்’ அழுத்துறதுக்கு முன்னாடி...

லால்குடி வாசகி ஒருவரின் கேள்வி: “பிளஸ் டூவில் அரசு கொடுத்த லேப்டாப். விண்டோஸ் திறக்கவில்லை. பென் டிரைவ் மூலம் விண்டோஸ் 10 போட்டால், ‘டிஸ்க்கில் எம்.பி.ஆர். பார்ட்டிஷன் இருக்கிறது, நிறுவ முடியாது’ என்கிறது. எல்லா பார்ட்டிஷனையும் டெலிட் செய்யச் சொல்கிறது ஒரு வீடியோ. மறைந்த அப்பாவின் படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. செய்யலாமா?”

கூடவே கூடாது! இந்தச் செய்தி வருவதால் உங்கள் டிஸ்க்கில் கோளாறு என்று அர்த்தமில்லை. கம்ப்யூட்டர் பூட் ஆக இரண்டு வழிகள் உண்டு. பழைய பயாஸ் வழிக்கு எம்.பி.ஆர்., புதிய யூ.இ.எஃப்.ஐ. வழிக்கு ஜி.பி.டி. என டிஸ்க்கைப் பிரித்திருப்பார்கள். உங்கள் டிஸ்க் பழைய ரகம். பென் டிரைவோ புதிய வழியில் பூட் ஆகியிருக்கிறது. வீடியோவில் சொன்னபடி அழித்தால் விண்டோஸ் ஏறிவிடும்தான், ஆனால் அப்பாவின் படங்கள் போய்விடும்.

முதலில் படங்களைக் காப்பாற்றுவோம். வேறொரு கம்ப்யூட்டரில் ‘ரூஃபஸ்’ என்ற இலவச மென்பொருள் மூலம் பென் டிரைவில் லினக்ஸ் மின்ட்டை ஏற்றுங்கள். (ரூஃபஸ் அந்த பென் டிரைவில் இருப்பதைத் துடைத்துவிடும், காலியானதை எடுங்கள்.) அதில் பூட் செய்தால், எதையும் இன்ஸ்டால் செய்யாமலே டெஸ்க்டாப் திறக்கும். உள்ளே போய் படங்களை வேறொரு டிரைவுக்கு காப்பி செய்யுங்கள். டெஸ்க்டாப்பில் சேமித்தவை சி டிரைவின் ‘யூசர்ஸ்’ ஃபோல்டரில் இருக்கும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். காப்பி ஆனவற்றை வேறு கம்ப்யூட்டரில் திறந்தும் பார்த்துவிடுங்கள்.

இனி விண்டோஸ். பென் டிரைவை மறுபடி ரூஃபஸில் தயார் செய்யும்போது ‘பார்ட்டிஷன் ஸ்கீம்’ என்ற இடத்தில் எம்.பி.ஆர். தேர்வு செய்யுங்கள். லேப்டாப்பை ஆன் செய்ததும் பூட் மெனு கீயைத் தட்டுங்கள். பலவற்றில் எஃப்12, எச்.பி.யில் எஃப்9. பென் டிரைவின் பெயர் இரண்டு முறை தெரிந்தால், முன்னால் ‘யூ.இ.எஃப்.ஐ.’ போடாததைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றுதான் தெரிகிறதா? பயாஸ் செட்டிங்கில் ‘லெகசி’ என்பதை ஆன் செய்யுங்கள். இன்ஸ்டால் திரையில் சி, டி எழுத்துகள் வராது. அளவை வைத்துத்தான் அடையாளம் காண வேண்டும், அதனால் மின்ட்டில் இருக்கும்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயம். விண்டோஸ் 10க்கான இலவச பாதுகாப்பு அப்டேட்டுகளை 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் பொதுவாக நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 சிப், இவ்வளவு பழைய லேப்டாப்பில் இருக்க வாய்ப்பில்லை. பேங்க் வேலை, பிள்ளைகளின் படிப்பு என நெட்டில் இருப்பவர் என்றால், படங்களை மீட்ட அதே மின்ட்டையே நிரந்தரமாகப் போட்டுவிடலாம் என்பது என் கருத்து. 4 ஜி.பி. ரேம் இருந்தால் தாராளமாக ஓடும். 2011-ல் தொடங்கிய திட்டத்தில் வந்த லேப்டாப்களில் விண்டோஸோடு ‘பாஸ்’ என்ற லினக்ஸும் இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? திறந்து பார்த்தவர்கள்தான் குறைவு!