மணலில் எழுதிய சட்டாம்பிள்ளை



தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிக் கடற்கரை நோக்கிச் செல்லும் நம்மவர் பலர் நாள்தோறும் எழும்பூரைக் கடக்கின்றனர். இன்று ரயில் நிலையம் அமைந்துள்ள அப்பகுதியில், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கிறிஸ்தவப் பள்ளி ஒன்று இருந்தது. படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கென ஏற்பட்ட அவ்விடுதிப் பள்ளியின் பொறுப்பை 1789-ஆம் ஆண்டில் ஏற்றவர் ஆண்ட்ரூ பெல் என்பவர். ஸ்காட்லாந்தில் பிறந்த அவர், நம் திருச்சபையினர் அல்லர். ஆங்கிலத் திருச்சபையின் குரு. ஆயினும் அவர் வகுப்பறையில் நிகழ்ந்தது நம் வீடுகளுக்கும் ஒரு பாடமாகும்.

அரிச்சுவடி வகுப்பின் சிறு பிள்ளைகள் மாதக்கணக்கில் உழைத்தும் எழுத்துகளைக் கற்றபாடில்லை. ஒருநாள் காலை, குதிரைமீது சென்றுகொண்டிருந்த பெல், வழியில் நம் நாட்டுத் திண்ணைப் பள்ளி ஒன்றைக் கண்டார். பிள்ளைகள் தரையில் அமர்ந்து, பரப்பிய மணலில் விரலால் எழுதி, எழுதியதை வாய்விட்டுச் சொல்லி, பின் அழித்து மீண்டும் எழுதிக்கொண்டிருந்தனர். ஓலையும் எழுத்தாணியும் கைக்கு வருமுன் நம் முன்னோர் கற்ற முறை அதுவே. பெல் மகிழ்ந்து திரும்பி, அவ்வாறே கற்பிக்குமாறு தம் உதவி ஆசிரியரைப் பணித்தார். ‘இது நடவாது’ என்பதே அவருக்குக் கிடைத்த விடை.

பெல் சோர்ந்துவிடவில்லை. ஜான் பிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனை அழைத்து, அந்த வகுப்பை அவனிடமே ஒப்படைத்தார். சாதாரணப் படைவீரர் ஒருவரின் மகன் அவன். ஆசிரியரால் ஆகாதது சிறுவனால் ஆயிற்று!

அதன்பின் அப்பள்ளியின் ஒவ்வொரு நாளும் புதுவிதமாகக் கழிந்தது. கற்றுத் தேர்ந்த மாணவன் ஒருவன் கல்லாதவன் ஒருவனுக்குத் துணையாக அமர்ந்தான். ஒரு பாடம் செவ்வையாக வந்த பின்னரே அடுத்த பாடம் தொடங்கிற்று. குற்றங்கள் ஒரு கறுப்புப் புத்தகத்தில் குறிக்கப்பட்டு, வாரம் ஒருமுறை மாணவர்களே கூடி விசாரித்தனர். 1797-இல் பெல் இதனை நூலாக எழுதி வெளியிட்டார். சென்னை முறை என்ற பெயரோடு அது இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகள் பலவற்றிலும் பரவிற்று.

நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை என்றொருவன் இருந்தான் அல்லவா? ஆசிரியருக்கு அடுத்தபடியாக இளையோருக்குப் பாடம் சொல்லிவைத்தவன் அவன். அப்பள்ளிகளில் பிரம்படியும் இருந்தது. பெண்களுக்கும் ஒடுக்கப்பட்ட மக்களுக்கும் அவற்றின் கதவு பெரும்பாலும் மூடியே கிடந்தது. அக்குறைகளை நாம் மறைக்க வேண்டியதில்லை. எனினும், கற்பிப்பவனே நன்கு கற்கிறான் என்ற உண்மையை அத்திண்ணைகள் அறிந்திருந்தன.

எழும்பூருக்கு இரண்டரை நூற்றாண்டுகளுக்கு முன்பே, 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியாரும் இவ்வழியையே கையாண்டார். கையில் மணியோடு தெருத்தெருவாய்ச் சென்று பிள்ளைகளைக் கூட்டினார். விசுவாசப் பிரமாணத்தையும் கற்பனைகளையும் செபங்களையும் தமிழில் மனப்பாடம் செய்வித்தார். கற்றதை வீட்டில் பெற்றோருக்கும் அயலாருக்கும் சொல்லிக்கொடுக்குமாறு அப்பிள்ளைகளையே அனுப்பிவைத்தார். தனியொரு குரு நடந்து முடிக்க இயலாத கடற்கரையெங்கும் அச்சிறு சட்டாம்பிள்ளைகள் விசுவாசத்தை விதைத்தனர்.

சில ஆண்டுகளுக்கு முன், புதுநன்மைக்கு ஆயத்தமான பிள்ளைகளுள் ஒருவனுக்கு விசுவாசப் பிரமாணம் பாதிக்குமேல் வரவேயில்லை. நாளோ நெருங்கிவிட்டது. “எவ்வளவு அடித்தும் மனத்தில் நிற்கவில்லை, சாமி, அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாமா?” என்று அவன் தாய் கண்கலங்கினார். உண்மையைச் சொன்னால், அவனை ஒத்திவைக்க நானும் எண்ணியிருந்தேன். அப்போது எழும்பூர்ச் சிறுவன் என் நினைவுக்கு வந்தான். “அடிக்க வேண்டாம், அம்மா. இன்றிரவு முதல் இவன் தன் தங்கைக்கு நாளுக்கு ஒரு வரி சொல்லிக்கொடுக்கட்டும்” என்றேன்.

“தெரியாதவன் எப்படிச் சாமி சொல்லிக்கொடுப்பான்?” என்றார் அவர்.

மூன்றாம் ஞாயிறன்று அவன் என் முன் நின்றான். தயக்கமின்றிச் சொல்லிவந்தவன், ஓரிடத்தில் மட்டும் தடுமாறினான். பின்னால் நின்ற ஆறு வயதுத் தங்கை மெல்லிய குரலில் அடுத்த வரியை எடுத்துக்கொடுத்தாள். நான் கேளாதவன்போல் இருந்துவிட்டேன். குறித்த நாளில் அவன் புதுநன்மை பெற்றான்.

பெற்றோரே, ஞானோபதேசம் ஞாயிறு வகுப்போடும், படிப்பு டியூஷனோடும் முடிந்துவிடுவதாக எண்ணி ஓய்ந்துவிடாதீர்கள். இன்றிரவு குடும்ப செபத்திற்கு முன் சற்று நேரம் தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் அணைத்துவையுங்கள். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். நீங்கள் அருகில் அமர்ந்து கேளுங்கள். எருசலேம் ஆலயத்தில் பன்னிரண்டு வயதுப் பாலகராய்ப் போதகர்கள் நடுவே அமர்ந்து, கேட்டும் வினவியும் இருந்த நம் ஆண்டவர் உங்கள் பிள்ளைகளோடும் அமர்ந்திருப்பார்.