தாமதம் ஒழுங்கீனம் அல்ல

மரக்காணம் உப்பளங்களில் வேலை விடியுமுன்பே தொடங்கிவிடும். வெயில் ஏறுவதற்குள் உப்பை வாரிக் கரையேற்ற வேண்டும். தாயும் தகப்பனும் இருட்டிலேயே கிளம்பிவிடும் வீட்டில், தங்கையை எழுப்பித் தலைவாரிப் பள்ளிக்கு அழைத்துவருவது மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் பொறுப்பாகிவிடுகிறது. அந்தப் பிள்ளை மணியடித்த பிறகு வந்தால் வாசலில் நிற்கவைப்பது என்ன நியாயம்? 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் அடிப்பதை மட்டுமல்ல, மனத்தை நோகடிப்பதையும் தடைசெய்கிறது. நேரத்துக்கு வருவதும், அடுத்தவர் பேசும்போது காதுகொடுப்பதும் பிள்ளைகளுக்குக் கட்டாயம் பழக்க வேண்டியவைதான். ஆனால் அவமானப்படுத்தி எதையும் பழக்க முடியாது. 2023 ஆகஸ்ட் 25 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிவுபடுத்தப்பட்ட காலை உணவுத் திட்டம், சீக்கிரம் வருவதற்குச் சூடான ஒரு காரணத்தைத் தந்திருக்கிறது. கொரோனா காலத்தில் விட்டுப்போன படிப்பை மீட்க ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டம் 2021 அக்டோபர் 27 அன்று தொடங்கியதும் மரக்காணம் ஒன்றியத்து முதலியார்குப்பத்தில்தான். கல்வி பிள்ளையைத் தேடிப்போன அந்த வழியே சரியான வழி. உப்பு வாரும் மாதங்களில், தாமதமாக வரும் பிள்ளையின் வீட்டுக்கு ஆசிரியர் ஒருமுறை போய்வரட்டும். காலையில் விட்ட பாடத்தை அன்றே சொல்லித் தரட்டும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தை உப்பளத் தாய்மார்கள் வரக்கூடிய மாலை நேரத்தில் நடத்துங்கள். பள்ளியின் விதிகளை அவர்களோடு பேசி வகுத்தால், அவற்றைக் காப்பாற்றுவதும் அவர்கள் பொறுப்பாகிவிடும்.