கழிமுகம் நம்முடையதும்தான்

நம் ஊரான சிகாமட்டில் கடல் இல்லை. ஆனால், சிகாமட் ஆறு மூவார் ஆற்றோடு கலந்து மலாக்கா நீரிணையில்தான் சேருகிறது. நாம் ‘சியாக்காப்’ என்று கேட்டு வாங்கும் கொடுவா மீன் ஆற்றில் வளர்ந்தாலும், முட்டையிடக் கழிமுகத்துக்கு இறங்கும். லிட்டருக்கு ஏறத்தாழ 30 கிராம் உப்புள்ள நீர் முட்டையிடுவதற்கு வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி முட்டையிடும். கடலின் பெருக்கு நீர் முட்டைகளைச் சதுப்புநிலக் காட்டோரம் கொண்டுசேர்க்கும். உப்பும் பெருக்கும் கடலின் பொறுப்பு. மேலிருந்து வரும் சேறும் குப்பையும் நம் பொறுப்பு. 2006, 2011 வெள்ளங்களில் ஊரைக் கழுவிய நீர் போனதும் கடலுக்குத்தான். மீன்வளம் மீனவர் கவலை மட்டுமே என்று சிகாமட் ஒதுங்கக் கூடாது. ஆற்றங்கரை மரங்களைக் காப்பதும், கால்வாயில் குப்பை கொட்டாதிருப்பதும் மீன்வளம் காக்கும் வேலையே.