ஓட்டுகிறவரும் ஒட்டாத காரும்

நரேன் கார்த்திகேயனைப் பற்றி நாம் இரண்டு விதமாகப் பேசுவோம். ஒன்று, ‘ஃபார்முலா ஒன் ஓட்டின முதல் இந்தியர், கோயமுத்தூர்க்காரர், நம்ம ஆளு’ என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வது. இன்னொன்று, ‘எப்பவும் கடைசியில வருவாரே, அவர்தானே?’ என்று உதட்டைப் பிதுக்குவது. இரண்டையும் சொல்வது பெரும்பாலும் ஒரே ஆள். சரி, அவர் எந்தக் காரை ஓட்டினார்? அதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

2005-ல் அவருக்குக் கிடைத்தது ஜோர்டான் டீம். கைமாறிக்கொண்டிருந்த கம்பெனி. இண்டியானாபோலிஸில் டயர் தகராறில் மிஷலின் டீம்கள் ஒதுங்கிக்கொள்ள, மிச்சம் ஆறே கார்கள் ஓடின. நரேன் நாலாவதாக வந்து ஐந்து பாயின்ட் வாங்கினார். அவருடைய ஃபார்முலா ஒன் கணக்கில் மொத்தமே அந்த ஐந்துதான். 2011-ல் திரும்பி வந்தபோது எச்.ஆர்.டி. என்ற ஸ்பெயின் டீம். புதுக் காரை சீசனுக்கு முந்தைய டெஸ்ட்டில் ஓட்டிப் பார்க்காமலே மெல்போர்னுக்குக் கொண்டுவந்தார்கள். அவர்களுடைய இரண்டு கார்களும் தகுதிச் சுற்றிலேயே அவுட்.

அதே டீமில் முந்தின வருஷம் சென்னைப் பையன் கருண் சந்தோக் பட்ட பாடு இன்னும் மோசம். 2010-ல் பஹ்ரைன், வாழ்க்கையின் முதல் ஃபார்முலா ஒன் ரேஸ். பயிற்சி நேரம் முழுக்க கார் தயாராகவில்லை. தகுதிச் சுற்றில்தான் அந்தக் காரை முதல்முறையாக ஓட்டினார். மறுநாள் ரேஸில் இரண்டாவது சுற்றில் மோதி, கதை முடிந்தது. ஊரில் என்ன சொன்னோம்? ‘பையனுக்கு அனுபவம் பத்தாது.’ நாதஸ்வரக்காரரை பேண்டு செட்டில் நிறுத்திவிட்டு, ராகம் தெரியவில்லை என்கிற கதை.

இந்தப் பழக்கம் எங்கே ஆரம்பிக்கிறது என்றால், நம்ம ஊர் டிராக்கிலேயே ஆரம்பிக்கிறது என்பேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் ரேஸ் டிராக் 1990-லிருந்து இருக்கிறது. அதற்கு முன்னால் சோழவரத்தில் பழைய ராணுவ விமான ஓடுதளத்தில் பறந்துகொண்டிருந்தார்கள். இங்கே பையன்கள் ஓட்டுகிற ஃபார்முலா ரேஸ்கள் பலவற்றில் எல்லோருக்கும் ஒரே மாதிரி கார், ஒரே எஞ்சின், ஒரே டயர். நல்ல ஏற்பாடுதான், செலவும் குறைவு. யார் வேகமானவன் என்று பளிச்சென்று தெரிந்துவிடும். ஆனால் அதோடு ஒரு நம்பிக்கையும் மண்டையில் ஏறிவிடுகிறது: கெட்டிக்காரனுக்கு எந்தக் கார் கொடுத்தாலும் ஓட்டுவான்.

ஓட்ட மாட்டான் சார். பியர் காஸ்லி என்ற பிரெஞ்சுக்காரரை 2019-ல் ரெட் புல் டீமில் போட்டார்கள். பக்கத்துக் காரில் வெர்ஸ்டாப்பன். பன்னிரண்டு ரேஸில் காஸ்லியின் மானம் கப்பலேறி, ரெட் புல்லின் சின்னத் தம்பி டீமுக்குத் திருப்பி அனுப்பினார்கள். அடுத்த வருஷம் இத்தாலியில் மான்ஸா ரேஸை ஜெயித்தார், அந்தச் சின்ன டீம் காரில்! டேனியல் ரிக்கார்டோ இதற்கு நேர்மாறு. 2014-ல் ரெட் புல்லில் மூன்று ரேஸ் ஜெயித்தவர், 2021-ல் மெக்லாரனுக்குப் போனதும் தடுமாறினார். அவருடைய ஓட்டும் பழக்கம் ஒன்று, அந்தக் கார் கேட்ட பழக்கம் வேறு. நடுவில் ஒரு வெற்றி வந்தும்கூட ஒப்பந்தம் முடிய ஒரு வருஷம் இருக்கும்போதே கழற்றிவிட்டார்கள். அதே காரில் நோரிஸ் பிரமாதமாக ஓட்டிக்கொண்டிருந்தார். இதில் யார் திறமை குறைந்தவர்?

அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எறிகிற குவார்ட்டர்பேக் ஒருத்தர், ஓடிப்போய்ப் பிடிக்கிற ரிசீவர் ஒருத்தர். நீளமாக எறியத் தெரியாதவரிடம் நீளமாக ஓடுகிறவரைச் சேர்த்தால் காசு வீண் என்று அங்கே சாதாரண ரசிகனுக்குத் தெரியும். அதை வைத்தே மணிக்கணக்கில் சண்டை போடுவான். நாம் ரேஸ் டிரைவரை கோவில் காளை மாதிரி தனியாக நிறுத்தி மாலை போடுகிறோம், இல்லாவிட்டால் கல்லெறிகிறோம்.

இத்தனைக்கும் அந்த டிராக்குக்குப் பக்கத்திலேயே 1998-லிருந்து ஹூண்டாய் கார் செய்கிறார்கள். தள்ளிப்போனால் ஒரகடத்தில் ரெனோ, டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு. ஒரு பேரிங்கை ஷாஃப்டில் ஏற்றும்போது மைக்ரான் கணக்கில் அளவு பார்க்கிற ஊர். பேரிங் நல்ல பேரிங், ஷாஃப்டும் நல்ல ஷாஃப்ட், ஆனா ரெண்டும் சேராதுன்னு ஐ.டி.ஐ. முடித்த பையன் முதல் வாரத்தில் கற்றுக்கொள்கிறான். (அவனை எந்த வேலைக்குப் போடுவது என்பதில் இந்த மைக்ரானெல்லாம் காணாமல் போய்விடும். அது வேறு கட்டுரை.)

நரேன் விஷயத்துக்கு வருகிறேன். ஏ1 கிராண்ட் ப்ரீ என்று நாடுகளுக்கு நடுவே ஒரு போட்டி நடந்தது. எல்லா நாட்டுக்கும் ஒரே கார். அதில் 2007-ல் சீனாவில் ஜெயித்தார், 2008-ல் இங்கிலாந்தில் ஜெயித்தார். அப்புறம் ஜப்பானுக்குப் போய் அந்த ஊர் டீம்களில் வருஷக்கணக்கில் ஓட்டினார். 2019 நவம்பரில் ஃபுஜியில், ஜப்பான் கார்களோடு ஆடி, பி.எம்.டபிள்யூ.வும் கலந்து ஓடின ரேஸில், நாகஜிமா டீமின் ஹோண்டாவில் முதலாவதாக வந்தார். வயசு 42. பஸ் ஸ்டாண்டில் நின்று கேட்டுப் பாருங்கள், எத்தனை பேருக்குத் தெரியும் என்று.

‘கிடைச்ச சீட்டை வேண்டாம்னு சொல்ல முடியுமா? ஃபார்முலா ஒன் சார்!’ என்பார்கள். நியாயமான கேள்வி. பதில் அதே எச்.ஆர்.டி.யில் இருக்கிறது. 2011 நடுவில் நரேனை இறக்கிவிட்டு அதே சீட்டில் உட்கார்ந்தவர் யார் தெரியுமா? மேலே சொன்ன ரிக்கார்டோ. அதே ஓட்டைக் கார்தான். ஆனால் அவரை ரெட் புல் காசு கட்டி அங்கே உட்கார வைத்திருந்தது, பாடம் படிக்க. அடுத்த வருஷம் டோரோ ரோஸோ, அப்புறம் ரெட் புல். நம் ஆட்களுக்கு அந்த சீட்டுக்கு அடுத்த படி என்று எதுவும் கிடையாது. எச்.ஆர்.டி. மூன்று வருஷத்தில் ஒரு பாயின்ட்கூட எடுக்காமல் 2012-ல் இழுத்து மூடப்பட்டது.

நம்ம விளம்பரதாரர்களுக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. ‘முதல் இந்தியர்’ என்ற இரண்டு வார்த்தை கிடைத்தால் செக் எழுதுவார்கள். அது இல்லாவிட்டால் அப்பாக்கள் நிலத்தை விற்று சீட்டு வாங்க வேண்டியதுதான். ஐரோப்பாவில் அதற்கென்றே காத்திருக்கிற டீம்கள் உண்டு. எத்தனை நாள் டெஸ்ட் தருவீர்கள், இன்ஜினீயர் யார், பக்கத்துக் காருக்குப் போடுகிற புதுப் பாகம் இவனுக்கும் அன்றைக்கே வருமா என்று கேட்க அப்பாவுக்குத் தெரியாது. கேட்டுச் சொல்ல வேண்டிய கிளப்பும் சங்கமும் மாலையோடு ஏர்போர்ட்டில் நிற்கின்றன.

சரியாகச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணமும் சென்னையிலேயே இருக்கிறது. எம்.ஆர்.எஃப். டீமும் ஸ்கோடாவும் சேர்ந்து ஆசிய பசிபிக் ராலியில் கௌரவ் கில்லை ஓட்ட வைத்தார்கள். டெல்லிக்காரர், மண் ரோட்டில் காரைச் சறுக்கவிட்டு ஓட்டுவதில் மன்னர். அவரை எடுத்துப்போய் தார் டிராக்கில் சுற்றவிடவில்லை. ராலியிலேயே விட்டு, எம்.ஆர்.எஃப். டயரைப் போட்டு, வருஷக்கணக்கில் கூடவே இருந்தார்கள். 2013, 2016, 2017 என்று மூன்று முறை சாம்பியன்.