நன்றி சொல்லத் தெரியாத நாடு

டோத்ராக்கி மொழியில் நன்றிக்குச் சொல் இல்லையாம். ‘கேம் ஒஃப் த்ரோன்ஸ்’ தொலைக்காட்சித் தொடரின் முதற் பருவத்திலேயே (2011) ஒரு பாத்திரம் அப்படிச் சொல்லிவிடுகிறது. மொழியை அமைத்த டேவிட் பீற்றர்சனை நான் குறைகூறவில்லை. இலக்கணம் வகுத்து ஆயிரக்கணக்கில் சொற்களைப் படைத்த உழைப்பாளி அவர். கோளாறு, அவர் கையில் வந்து சேர்ந்த பண்பாட்டில் இருக்கிறது. மொங்கோலியர், ஹூணர், அமெரிக்கச் சமவெளிப் பழங்குடிகள் எனப் பலரையும் கலந்தே டோத்ராக்கியரை உருவாக்கியதாக நாவலாசிரியர் ஜோர்ஜ் ஆர்.ஆர். மார்ட்டினே கூறியிருக்கிறார்.

மொங்கோலியரிடம் ‘பயர்லலா’ உண்டு. சமவெளியின் லக்கோட்டா மக்களிடம் ‘பிலமயயே’ உண்டு. இரண்டுமே நன்றிதான்.

கற்பனை நாடுதானே என்பீர்கள். கொள்ளையும் வன்புணர்வுமே வாழ்வாகக் கொண்ட புல்வெளி மனிதன் மார்ட்டினின் கற்பனையல்லன்; நிலம் பறித்தவர்கள் முன்னரே எழுதிவைத்த ஆள் அவன். அவனைத் ‘திருத்த’வென்று நடத்தப்பட்ட அமெரிக்க விடுதிப் பள்ளிகளில், லக்கோட்டா பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டார்கள்.