ஆறு லட்சம் பேர் இருந்தால் அது பெரிய ஊரா?

2023 டிசம்பர். லூயிவில்லில் சித்தி வீடு. டிவியில் கெண்டக்கியும் லூயிவில்லும் மோதும் கல்லூரி கூடைப்பந்து. இந்த மாநிலத்தில் அது வருஷத்துக்கு ஒரு தடவை வரும் திருவிழா மாதிரி. நான் நீலச் சட்டை, மற்ற எல்லோரும் சிவப்பு. அன்று கெண்டக்கி 95, லூயிவில் 76. அவர்கள் சொந்த அரங்கத்திலேயே அந்த அடி. அதற்கு முந்தைய சீசனில் லூயிவில் 4 ஆட்டம் ஜெயித்து 28 ஆட்டம் தோற்றிருந்தது. பாவம்தான், நான் வாயைத் திறக்கவில்லை.

ஆனால் சித்தி பையனுக்கு எங்கேயாவது காட்ட வேண்டியிருந்தது. "சரிண்ணா, நீங்க ஜெயிச்சுட்டீங்க. ராத்திரி எட்டு மணிக்கு மேல உங்க ஊர்ல தொறந்திருக்கறது குதிரை லாயம் மட்டும்தானே?"

வீடே சிரித்தது. சித்தப்பாதான் ரொம்ப நேரம் சிரித்தார். அவர் மேற்கு மாம்பலத்துக்காரர். என் அப்பா அருப்புக்கோட்டை. அம்மா கல்யாணத்தின்போது "அருப்புக்கோட்டையா? அங்க ஏதாவது இருக்கா?" என்று கேட்டவர் இதே சித்தப்பாதான். முப்பத்தைந்து வருஷம் கழித்து, பதினாலாயிரம் கிலோமீட்டர் தள்ளி வந்து, அதே கேள்வியை லெக்சிங்டனைப் பார்த்துக் கேட்கப் பையனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

இதைச் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். சாப்பிட உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, தம்பி லெக்சிங்டன் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பமே போடவில்லை. காரணம் கேட்டால் படிப்பைப் பற்றி ஒன்றுமில்லை, கட்டணத்தைப் பற்றியும் ஒன்றுமில்லை. "அந்த ஊர்ல நாலு வருஷமா? நோ வே அண்ணா." பதினேழு வயதுப் பையன் ஒரு கதவை ஊர்ப் பெருமைக்காகச் சாத்தியிருக்கிறான். அதனால்தான் இதை எழுதுகிறேன். அவன் வயதில் இருக்கும் உங்களுக்காகவும்.

முதலில் ஒரு கணக்கு. 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கெண்டக்கி மாநிலத்தின் மிகப் பெரிய நகரம் எது தெரியுமா? லெக்சிங்டன். 2,60,512 பேர். லூயிவில் 2,56,231. லெக்சிங்டன் 1974லேயே தன் கவுண்டியோடு இணைந்துவிட்டது. லூயிவில் 2003இல்தான் ஜெஃபர்சன் கவுண்டியோடு இணைந்தது. இணைந்த மறுநாள் காலையில் அது "பெரிய நகரம்" ஆகிவிட்டது. ஒரு வீடு கூடுதலாகக் கட்டவில்லை, ஒரு கடை கூடுதலாகத் திறக்கவில்லை. கோட்டை அழித்து வேறு இடத்தில் போட்டார்கள், அவ்வளவுதான். லூயிவில்லைச் சுற்றியிருக்கும் புறநகர்களையும் சேர்த்துப் பார்த்தால் அது எப்போதும் பெரிதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் "நாங்க சிட்டி" என்று நெஞ்சைத் தட்டும்போது, அதில் பாதி தாலுகா ஆபீஸ் கணக்கு என்பதை நினைவில் வையுங்கள்.

இன்றைக்கு 2020 கணக்குப்படி லூயிவில் 6.33 லட்சம், லெக்சிங்டன் 3.22 லட்சம். அம்மா பிறந்த மதுரை 2011இலேயே பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. அந்த மதுரையைத்தான் சித்தப்பா இன்னும் "உங்க ஊர்ப்பக்கம்" என்கிறார். ஆறு லட்சத்தில் உட்கார்ந்துகொண்டு பத்து லட்சத்தைப் பட்டிக்காடு என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். இந்தப் போட்டியில் ஒரு வேடிக்கை உண்டு. நகரத்தில் சிறியது லெக்சிங்டன், ஆட்டத்தில் பெரிய அண்ணன் அதுதான். எட்டு தேசிய சாம்பியன் பட்டம், கடைசியாக 2012இல். லூயிவில்லுக்கு 1980இலும் 1986இலும் என்று இரண்டு. 2013இல் மூன்றாவது கிடைத்தது, 2018இல் விதிமீறலுக்காக அதைப் பறித்துவிட்டார்கள். நீலச் சட்டைக்காரர்கள் லூயிவில்லைக் கூப்பிடுவதே "குட்டித் தம்பி" என்றுதான். இந்தப் பெயர்தான் அவர்களை உள்ளே குத்துகிறது என்பது என் கட்சி. தரையில் தோற்றால் உயரமான கட்டடத்தைக் காட்ட வேண்டியிருக்கிறது. ஆட்டம் ஜெயிக்கிற அன்று எந்த லூயிவில் ரசிகனும் எங்கள் ஊர் ஓட்டல் எத்தனை மணிக்கு மூடும் என்று கேட்டதில்லை. நான் இருபது வருஷமாகப் பார்க்கிறேன்.

லெக்சிங்டன்காரர்கள் உத்தமர்கள் என்று நினைக்காதீர்கள். 1922க்குப் பிறகு அறுபது வருஷத்துக்கு மேல் கெண்டக்கி, லூயிவில்லோடு வழக்கமான சீசன் ஆட்டம் ஆடவே இல்லை. பெரிய அண்ணன் தம்பியோடு ஆட மாட்டாராம். தேசியப் போட்டியில் எதிரே வந்தால்தான் உண்டு. 1959இல் அப்படி வந்தபோது லூயிவில் 76-61 என்று ஜெயித்தது. 1983 மார்ச்சில் நாக்ஸ்வில்லில் மறுபடி எதிரே வந்தது. கூடுதல் நேரம் வரை போய் லூயிவில் 80, கெண்டக்கி 68. ஒரு காலத்தில் கேஎஃப்சி கம்பெனியை நடத்திய ஜான் ஒய். பிரௌன்தான் அப்போது ஆளுநர். பாதி நீலம் பாதி சிவப்பு கோட்டு போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகுதான் வருஷா வருஷம் ஆட ஆரம்பித்தார்கள். பயத்துக்கு "கௌரவம்" என்று பெயர் வைத்து ஒளிந்தது சின்ன ஊர்ப் பக்கம்தான்.

இன்னொன்று இருக்கிறது, அது இதைவிட மோசம். அடால்ஃப் ரப் 1930 முதல் 1972 வரை கெண்டக்கியின் பயிற்சியாளர். எங்கள் அரங்கத்துக்கே அவர் பெயர். 1966 இறுதி ஆட்டத்தில் வெள்ளையர் மட்டுமே இருந்த அவருடைய அணியை, ஐந்து கறுப்பின வீரர்களோடு தொடங்கிய டெக்சாஸ் வெஸ்டர்ன் 72-65 என்று தோற்கடித்தது. கெண்டக்கி அணியில் கறுப்பின வீரர் முதன்முதலில் ஆடியதே 1970இல்தான். லூயிவில் அறுபதுகளின் தொடக்கத்திலேயே சேர்த்துக்கொண்டது. வெஸ் அன்செல்டை ரப் அழைத்தும், அவர் தன் சொந்த ஊரான லூயிவில்லுக்கே ஆடப் போனார். லூயிவில்லின் மேற்குப் பகுதியில் ஒரு கறுப்பினத் தாத்தா சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு நீலத்தைப் பார்த்தால் முகத்தைத் திருப்புகிறார் என்றால், அதை நகரப் பெருமை என்று சொல்லாதீர்கள். அவர் நினைவில் வைத்திருப்பது வேறு விஷயம். அவர் எதிரே நான் வாதாட மாட்டேன். அதேபோல எங்கள் பக்கத்தில் சிலர் "அந்த சிட்டிக்காரங்க" என்று இழுத்துச் சொல்லும்போது எதை மறைத்துச் சொல்கிறார்கள் என்று பழுப்புத் தோல்காரர்களான நமக்குப் புரியாமல் இருக்காது. பள்ளிக்கூடத்தில் அந்தக் குரலை நானே கேட்டிருக்கிறேன்.

ஆனால் சித்தப்பாவுக்கும் அந்தத் தாத்தாவுக்கும் என்ன சம்பந்தம்? சித்தப்பா வீடு நகரத்தைச் சுற்றிப் போகும் 265ஆம் நெடுஞ்சாலைக்கும் அந்தப் பக்கம். மூன்று கார் நிறுத்தும் கராஜ், குளம், வால்நட் மரம். அவர் "எங்க சிட்டி" என்று சொல்லும் சிட்டிக்கு அவர் போவது ஆட்டத்துக்கு மட்டும். ஓஹையோ ஆற்றங்கரையில் 238 மில்லியன் டாலர் செலவில் 2010இல் திறந்த அரங்கம். நிலத்தடியில் காரை விடுவார், ஆட்டம் பார்ப்பார், காரை எடுப்பார். அரங்கத்திலிருந்து மேற்கே ஏழு தெரு நடந்தால் ஒன்பதாம் தெரு. அதைத்தான் ஊரை இரண்டாகப் பிரிக்கும் கோடு என்று லூயிவில்காரர்களே சொல்வார்கள். அந்தப் பக்கம்தான் முகமது அலி வளர்ந்த வீடு இருக்கிறது. இருபது வருஷத்தில் சித்தப்பா அந்தத் தெருவைத் தாண்டியதில்லை. வாழாத நகரத்துக்கு எப்படிப் பெருமைப்படுவது? சிம்பொனி இருக்கிறது, மியூசியம் இருக்கிறது என்று பட்டியல் போடுவார். கடைசியாக எப்போது போனீர்கள் என்று கேட்டேன். சித்தி அடுக்களையிலிருந்து சிரித்தார்.

நானும் இந்த வியாதியில் விழுந்து எழுந்தவன்தான். இருபத்துநாலு வயதில் முதல் வேலை கிடைத்தபோது ஃபேஸ்புக்கில் "சிகாகோ" என்று போட்டேன். இருந்தது ஷாம்பர்கில். நகரத்திலிருந்து முப்பது மைல். ஜன்னலைத் திறந்தால் பார்க்கிங் லாட், அதற்குப் பின்னால் இன்னொரு பார்க்கிங் லாட். இரண்டு வருஷத்தில் சிகாகோ நகரத்துக்குள் நான் போனதை விரல் விட்டு எண்ணிவிடலாம், அதில் பாதி ஊரிலிருந்து வந்தவர்களுக்குச் சுற்றிக் காட்ட. ஆனால் கல்யாண வீடுகளில் "சிகாகோல இருக்கேன்" என்று சொல்லும்போது கிடைத்த மரியாதை இருக்கிறதே, அதற்காக வாடகை கொடுத்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு அப்போது முதல் தடவை நெஞ்சு வலி வந்தது. ஆறு மணி நேரம் கார் ஓட்டி வந்து சேர்ந்தேன். அதற்குள் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பாட்டி ஆஸ்பத்திரியில் அம்மாவோடு உட்கார்ந்திருந்தார், தலையில் நீலத் தொப்பி. அன்று கெண்டக்கி ஆட்டம். ஆட்டத்தை விட்டுவிட்டு வந்திருக்கிறார்! அந்த ஊரில் அது எவ்வளவு பெரிய தியாகம் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

இது சின்ன ஊரில் மட்டும்தான் நடக்கும் என்று நான் சொல்லவில்லை. பெரிய ஊரிலும் நல்ல பாட்டிகள் இருக்கிறார்கள்.

லெக்சிங்டன் ஏன் சின்னதாக இருக்கிறது என்று யாராவது கேட்டிருக்கிறீர்களா? வளர முடியாமல் இல்லை. நகரம் இதற்கு மேல் பரவக்கூடாது என்று 1958இலேயே எல்லைக்கோடு போட்டார்கள். அமெரிக்காவில் அப்படிச் செய்த முதல் நகரம் அதுதான். அதனால்தான் நகரத்திலிருந்து பத்து நிமிடம் ஓட்டினால் புல்வெளியும் குதிரையும். இதில் கெட்டதும் உண்டு. அந்தப் புல்வெளியில் பாதி கோடீஸ்வரர்களுடையது, கோட்டுக்குள்ளே வீட்டு விலை ஏறிக்கொண்டே போகிறது. என்னோடு படித்த பலர் வெளியூரில் வீடு வாங்கி தினம் ஓட்டி வருகிறார்கள். குறை சொல்ல வேண்டுமானால் இதைச் சொல்லுங்கள், நானும் கூடச் சேர்ந்து கத்துகிறேன். எட்டு மணிக்கு ஓட்டல் மூடுவது ஒரு குறையா? (மூடுவதும் இல்லை.)

கெண்டக்கி அணியை லெக்சிங்டன் அணி என்று நினைப்பதே தப்பு. கிழக்கே மலைப்பக்கம் நிலக்கரி ஊர்களுக்குப் போய்ப் பாருங்கள். சுரங்கம் மூடியாகிவிட்டது, பள்ளிக்கூடம் இரண்டை ஒன்றாக்கிவிட்டார்கள், வாசலில் நீலக்கொடி மட்டும் இருக்கிறது. கவுட் லெட்ஃபோர்ட் என்ற வர்ணனையாளர் 1953 முதல் 1992 வரை ரேடியோவில் இந்த ஆட்டங்களைச் சொன்னார். அவரே ஹார்லன் மலைப்பக்கத்துக்காரர். மலை மறைத்து டிவி சரியாகத் தெரியாத காலத்தில் அந்தக் குரல்தான் அந்த வீடுகளுக்கு ஆட்டம். அவர்களைத்தான் நம் தம்பி "மலைக்காட்டான்கள்" என்று மீம் போடுகிறான். நம் தாத்தாக்கள் டீக்கடை வாசலில் நின்று கிரிக்கெட் வர்ணனை கேட்டவர்கள் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை போல.

2012இல் இரண்டு அணியும் அரையிறுதியில் மோதிய வாரம், ஜார்ஜ்டவுனில் டயாலிசிஸ் செய்துகொள்ள வந்த இரண்டு முதியவர்கள் இந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசிக் கைகலப்பு வரை போனார்கள். செய்தியில் வந்தது. சிறுநீரகம் வேலை செய்யாத நிலையிலும் அடிதடி! எனக்கு அந்த இருவரையும் பிடிக்கும். அவர்கள் சண்டை ஆட்டத்தைப் பற்றி. யார் ஊரில் எத்தனை மாடி என்று அடித்துக்கொண்டதாக நான் படித்த செய்தியில் இல்லை.

தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். நீ இப்போது படிக்கும் அதே லூயிவில் இன்ஜினியரிங் கல்லூரியில்தான் நான் எம்.எஸ். முடித்தேன். நல்ல கல்லூரி, நல்ல ஊர், அந்த இரண்டு வருஷத்தில் மேற்குப் பக்கம் வரை நடந்தே சுற்றியிருக்கிறேன். நீ அங்கே சேர்ந்ததில் எனக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. பார்க்காமலே ஒரு ஊரைத் தள்ளினாய் பார், அதில்தான். எண்பது மைல்கூட இல்லை, ஐ-64இல் ஒன்றேகால் மணி நேரம். இருபது வருஷத்தில் எங்கள் வீட்டுக்கு நீங்கள் வந்தது நாலு தடவை. நாங்கள் அங்கே வந்தது எத்தனை என்று சித்தியைக் கேள்.

அடுத்த முறை ஆட்டம் எங்கள் ஊரில் நடக்கும்போது இரண்டு டிக்கெட் எடுக்கிறேன். சிவப்புச் சட்டையையே போட்டுக்கொண்டு வா, இருபதாயிரம் நீலத்துக்கு நடுவில் உன்னை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. ஆட்டம் முடிய பதினொரு மணி ஆனாலும் பரவாயில்லை, சாப்பிட இடம் இருக்கிறது. அப்பாவையும் கூட்டிக்கொண்டு வா. குதிரை லாயம் பக்கத்தில்தான்.