ரவுட்டரை நிப்பாட்டி நிப்பாட்டி எத்தின நாளைக்கு?

“கதிரவெளி தானே, நெட் அப்பிடித்தான் இருக்கும்.” இந்த ஒரு வசனத்தோடதான் எங்களுக்குச் சண்டை. மட்டக்களப்பு ரவுணில இருந்து வாறவங்க சொன்னாலும் பரவாயில்ல, எங்கட ஊராக்களே சொல்லுறாங்க. டவர் தூரம், கரண்ட் சரியில்ல, கடல் காத்து... 2022 மார்ச் கடைசியில நாடே 13 மணித்தியாலம் இருட்டில கிடந்த நேரம் இதைச் சொல்லியிருந்தா ஒத்துக்கொண்டிருப்பம். இப்ப என்ன சாட்டு?

இஞ்ச ஒரு சின்ன அலுவலகம். பேர் வேணாம். பத்துக் கணினி, ஒரு ஃபோர்ஜி ரவுட்டர், ரெண்டுக்கும் நடுவில புரொக்சி சேவராப் பழைய பெட்டி ஒண்டு. ஒரு நாளைக்கு நாலஞ்சு தரம் நெட் விழும். ஒருத்தர் எழும்பிப் போய் எல்லாத்தையும் நிப்பாட்டிப் போடுவார். மறுகா வேலை செய்யும். ஆனா நெட் விழுந்து கிடக்கிற அதே நேரம், அதே ரவுட்டரின்ர வைஃபையில ஆரோ ஒருத்தரின்ர ஃபோனில யூடியூப் ஓடிக்கொண்டிருக்கும். ஃபோன் புரொக்சிக்குள்ளால போறதில்ல. அப்ப பிழை டவரிலயா?

ஸ்குவிட் எண்ட புரொக்சி 1996இல வந்தது. ஒருத்தர் பார்த்த பக்கத்தைச் சேமிச்சு வைச்சு அடுத்தவருக்குக் குடுத்தா, மெலிஞ்ச லைன் மிச்சம். நல்ல யோசனைதான். ஆனா இண்டைக்குக் கிட்டத்தட்ட எல்லாத் தளமும் மறையாக்கம் செய்துதான் வருது. சாதாரணமா நிறுவின புரொக்சியால அதுக்குள்ள என்ன இருக்கெண்டு பார்க்கவும் ஏலாது, சேமிக்கவும் ஏலாது. சும்மா குழாய் மாதிரிக் கடத்தி விடும், அவ்வளவுதான். அந்த ஒவ்வொரு குழாய்க்கும் ரெண்டு முனை: கணினிப் பக்கம் ஒண்டு, வெளிப் பக்கம் ஒண்டு. பழைய லினக்ஸ் நிறுவல்களில ஒரு நிரல் திறந்து வைக்கக்கூடிய எண்ணிக்கை பொதுவா 1024. அப்ப ஐந்நூறு குழாயோட கதை முடிஞ்சுது. பத்துக் கணினியில ஆளுக்கு இருபது டாப் திறந்து வைச்சா அது பெரிய தொகையே இல்ல. பெட்டியை நிப்பாட்டினா எல்லாக் குழாயும் மூடுப்படும், கொஞ்ச மணித்தியாலத்துக்குச் சுகம். இதைத்தான் “திருத்திட்டன்” எண்டு சொல்லுறாங்க! அந்த நேரம் எத்தின குழாய் திறந்து கிடந்தது எண்ட கணக்கும் அதோட போயிடும்.

இன்னொரு பிழை இதைவிடக் கள்ளம். ஒண்டும் போய்வராமக் கிடக்கிற இணைப்பைச் சில ரவுட்டர்கள் கொஞ்ச நேரத்தில மறந்துபோகும், சொல்லாமலே. “நீ உயிரோட இருக்கிறியா” எண்டு கேட்கச் சொல்லிவைச்சாலும், லினக்ஸ் தானா கேட்கிறது 7200 செக்கனுக்குப் பிறகுதான். வெருகலில இருந்து பஸ் ஏறி வந்த ஒரு தாய், பிள்ளையின்ர விண்ணப்பத்தை ஆறுதலா நிரப்பிப்போட்டு ‘அனுப்பு’ அமத்துறா எண்டு வைப்பம். குழாய் எப்பவோ செத்துப்போச்சு, திரை சுத்திக்கொண்டே நிக்கும். “லைன் இல்ல அம்மா, நாளைக்கு வாங்க.” அந்த பஸ் காசை ஆர் குடுக்கிறது?

முதல் பிழை புரொக்சியின்ர லொக் கோப்பில, எண்ணிக்கை முடியப்போகுது எண்ட எச்சரிக்கையா எழுதியே கிடக்கும். திறந்து வாசிக்கப் பட்டம் தேவையில்ல. உயர்தரத்தில தொழில்நுட்பம் படிச்ச பிள்ளைகள் ஊரிலயே இருக்கிறாங்க. ஆனா கடவுச்சொல் ரவுணில இருக்கிற ஒரு டெக்னீசியனின்ர பொக்கற்றில. அவர் வர ரெண்டு கிழமை. எங்களுக்குக் கோபம் அந்தப் பழைய பெட்டியில இல்ல, அந்தப் பொக்கற்றிலதான். கடவுச்சொல்லை ஊருக்குள்ள ஒருத்தருக்குக் குடுங்க. 1024ஐக் கூட்டுற வேலை அரை மணித்தியாலம்கூட எடுக்காது. புரொக்சியால ஒரு பிரயோசனமும் இல்லையெண்டா அதைக் கழட்டி எறியிறதுக்கு அதுவும் தேவையில்ல.